எட்டாம் நம்பர் சீட்டு

"ஏம்மா, இங்க பந்தி எப்போ ஆரம்பிக்கும்?"

கேட்டவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். கையில் ஜிகினாக் காகிதம் சுற்றிய சுவர்க் கடிகாரம். நான் மேஜையில் பஞ்சையும் ஸ்பிரிட் பாட்டிலையும் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பந்தி இல்லைங்க. இங்க ரத்தம் எடுக்கறோம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஊசியோடு நின்ற பிரான்சிஸைப் பார்த்தார். கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் வெளியே போனார். அவர் தேடி வந்த கல்யாணம் அடுத்த தெரு மண்டபத்தில்.

எங்களுக்குக் கிடைத்தது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முதல் நாள் ரசத்தின் வாசனை இன்னும் போகவில்லை. இலை போடும் நீள மேஜையில் ரத்தக் குழாய்களை வரிசையாக நிறுத்தியிருந்தோம்.

அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசகராக இருந்தேன். இந்த ஊரில் எச்.ஐ.வி. எந்தெந்தப் பிரிவினரிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு. லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு நாள், கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள், கம்பெனிப் பையன்களுக்கு ஒரு நாள். அன்றைக்கு நெசவாளர்களின் நாள்.

பெயர் கேட்க மாட்டோம், முகவரி கேட்க மாட்டோம். ஆளுக்கு ஒரு நம்பர் சீட்டு. அதே நம்பர் ரத்தக் குழாயிலும் ஒட்டப்படும். ஒரு வாரம் கழித்துச் சீட்டைக் கொண்டுவந்தால், தனி அறையில் வைத்து முடிவைச் சொல்வேன். வந்தவர்களுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இலவசம். ரத்தம் கொடுக்க வந்தவர்களைவிட டிபன் பாக்ஸுக்கு வந்தவர்களே அதிகம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பிரான்சிஸ் லேப் டெக்னீஷியன். பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து தினமும் பைக்கில் வருவார். நல்ல மனிதர், ஆனால் ஆள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். "மூஞ்சி எனக்கு எதுக்கு மேடம்? நரம்பு தெரிஞ்சா போதும்" என்பார். அந்தக் குணம் பின்னால் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்த வாரக் கதை.

எங்க தெருவுல கிடையாது

முகாமுக்கு முன்பு ஊரைச் சுற்றி ஒரு நடை நடந்தோம். எந்தப் பகுதியில் எவ்வளவு பேர், யாரைக் கணக்கில் சேர்ப்பது என்று விசாரிக்கத்தான். அந்த விசாரணையில் எனக்குக் கிடைத்த ஞானம் ஒன்றே ஒன்று: இந்த வியாதி எப்போதும் பக்கத்துத் தெருவில்தான் இருக்கும்.

சின்ன காஞ்சிபுரத்து டீக்கடைக்காரர், "இங்க பெருமாள் இருக்காரு. அதெல்லாம் வராது. நீங்க பெரிய காஞ்சிபுரம் பக்கம் போயி பாருங்க" என்றார். பெரிய காஞ்சிபுரத்தில் கேட்டால், "ஈஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்துலயா? நல்லா கேட்டீங்க போங்க. சின்ன காஞ்சிபுரத்துல விசாரிச்சீங்களா?" என்றார்கள். சைவ வைணவச் சண்டை இந்த விஷயத்தில்கூட விடவில்லை.

லாரி ஓட்டுநர்கள் கம்பெனிப் பையன்களைக் கை காட்டினார்கள். கம்பெனிப் பையன்கள், "ஷிஃப்ட் முடிஞ்சி தூங்கவே டைம் இல்ல மேடம், லாரிக்காரங்கள கேளுங்க" என்றார்கள்.

நான் குடியிருப்பது செவிலிமேட்டில். நம் பகுதியாவது நேர்மையாகப் பேசும் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்காமல் சொன்னார்: "நம்ம ஏரியாவுக்கு இன்னும் ரோடே வரல. அது எப்படிமா வரும்?"

அடுத்த தலைவலி, யாரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பது. எங்கள் படிவத்தில் ஒருவருக்கு ஒரு கட்டம்தான். ஆனால் ஒருவர் காலையில் தறியில் உட்காருகிறார், மத்தியானம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், திருவிழா வந்தால் சாமி தூக்குகிறார். பிரான்சிஸ் பேனாவோடு தவித்தார். "அண்ணே, உங்கள நெசவுல போடவா, டிரைவர்ல போடவா?"

"சாமி தூக்கறதுக்குக் கட்டம் இல்லியாபா?" என்று அவர் மிகுந்த வருத்தத்தோடு கேட்டார்.

"எந்தக் கட்டத்தில் எவ்வளவு வந்தது?" என்று கேட்டு எனக்கு யாரும் கடிதம் போட வேண்டாம். எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே அந்தக் கட்டத்துக்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. எந்தப் பிரிவில் எவ்வளவு என்று பார்ப்பது, மருந்தையும் ஆலோசனையையும் எங்கே அதிகம் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். ஊரோ அதை மார்க் ஷீட் மாதிரி வாங்கிப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஃபெயிலா என்று தேடுகிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒண்ணும் ஏழும் எட்டு

முகாம் நாளுக்கு வருவோம். முதல் கலாட்டா எட்டாம் நம்பரில் ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் நல்ல நேரம் பார்க்காமல் தறியில் புதுப் புடவையைத் தொடங்க மாட்டார்கள். வண்டி நம்பர், போன் நம்பர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பார்கள். எட்டு வந்தால் சனி. எட்டு மட்டுமல்ல, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து எல்லாமே கூட்டினால் எட்டுதான். இதெல்லாம் சீட்டு அச்சடித்த எங்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ரத்தப் பரிசோதனையில் யார் இதைப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டோம்.

பதினேழு வந்த பெரியவர் சீட்டை இரண்டு விரலால் நுனியில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஒரு வாரம் வூட்ல வச்சிருக்கணுமே மேடம். பொண்ணுக்கு வரன் வந்துக்கினு இருக்குது. வேற நம்பர் குடுங்க."

வேறு நம்பர் இல்லை என்றேன். முகம் வாடிப் போனார்.

அதற்குள் ஊசி மேஜையில் ஒரு சத்தம். கறுத்த பெரிய மீசை வைத்த ஒருவர் ஊசியைப் பார்த்த மாத்திரத்தில் மயங்கி, ரசம் வைக்கிற மேஜையில் சரிந்துவிட்டார். கூட்டம் நாலடி பின்வாங்கியது. தைரியம் கொடுக்க வேண்டியது என் பொறுப்பாயிற்றே. "பாருங்க, நானே குடுக்கறேன்" என்று கையில் கிடைத்த ஒரு சீட்டை பிரான்சிஸிடம் நீட்டி, கையையும் நீட்டினேன். அந்தச் சீட்டில் என்ன நம்பர் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பிரான்சிஸ் வழக்கம்போல் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டத்துக்குத் தைரியம் வந்தது. கூடவே பதினேழாம் நம்பர் பெரியவரும் வந்தார். "உங்க சீட்ட எனக்குக் குடுத்துட்டு இத வச்சிக்குங்க மேடம். நீங்க படிச்சவங்க. சனி உங்கள ஒண்ணும் பண்ணாது."

படித்தவர்களிடம் சனி வராது என்ற இந்தத் தத்துவம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மாற்றிக் கொடுத்தேன். பதினேழைத் தள்ளிவிட நினைப்பதற்குள் முப்பத்தைந்து வந்தது, அப்புறம் இருபத்தாறு. எனக்கு வந்ததை விரல்விட்டுக் கூட்டிப் பார்க்காத யாரிடமாவது கொடுத்து அவர் சீட்டை வாங்கி, அதைக் கொடுத்து அடுத்த சனிச் சீட்டை வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் வாங்கும் வரிசையில் அவர்களே ஒருவருக்கொருவர் சீட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா எட்டாம் நம்பரோடு வந்தார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்தேன் என்று பெருமையாக வேறு இருந்தது. இவர்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்த பிறகு மாற்றுகிறார்கள், குழாயில் ஒரு நம்பரும் கையில் வேறு நம்பரும் ஆகிவிட்டது என்பது என் படித்த மண்டையில் உறைக்கவே இல்லை.

பத்து நிமிஷ வேலை

ஐந்தாம் நாள் டாக்டரம்மா போன் செய்தார். முகாமுக்குப் பொறுப்பு அவர்தான். "நெசவாளர் பிரிவுல ஒண்ணு ரியாக்டிவ் வந்திருக்கு. நம்பர் எட்டு. அந்தச் சீட்டோட யார் வந்தாலும் முதல்ல என்கிட்ட அனுப்புங்க."

ரியாக்டிவ் என்றால் அந்த ரத்தத்தில் கிருமி. கைப்பையைத் திறந்தேன். எட்டாம் நம்பர் சீட்டு என்னைப் பார்த்தது. ரத்தம் கொடுத்தபோது என் சீட்டின் நம்பரை நான் பார்க்கவில்லையே; எட்டாக இருந்தால் அந்தப் பெரியவர் அதைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டார் என்று யோசிக்கிற புத்தியும் அப்போது இல்லை.

'பயப்படாதீங்க, இது தொட்டா ஒட்டாது, மாத்திரை இருக்கு, நல்லா வாழலாம்' என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அதில் ஒரு வரிகூட அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். எதற்கு என்று தெரியாது.

பிரான்சிஸிடம் சொன்னேன். "இப்பவே குத்தட்டுமா மேடம்? பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்றார்.

"இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பைக்ல விட்டுடறேன்."

"சாப்பிடல."

"இதுக்கு வெறும் வயிறு வேணாம் மேடம்."

"தலைக்குக் குளிச்சிருக்கேன்" என்றேன். சோதனைக்கு வராமல் நழுவுகிறவர்கள் சொல்லும் சாக்குகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் இல்லாத சாக்கு இது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுப்பவர். பதினெட்டு வருஷத்தில் அந்த உத்தியோகத்தைப் பற்றி எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் வந்ததில்லை. மறுநாள் காலை அவர் இட்லி சாப்பிடும்போதுதான் தோன்றியது: ஊரில் உள்ள அத்தனை வீட்டுக்குள்ளும் இந்த மனுஷன் நுழைகிறாரே!

"என்னா அப்டி பாக்கற?" என்றார்.

"ஒண்ணுமில்ல. நேத்து எந்தத் தெரு?"

"பிள்ளையார்பாளையம்."

"முந்தாநாளு?"

அவர் இட்லியைக் கீழே வைத்தார். "நான் மீட்டருக்கு ரீடிங் எடுக்கறேன். நீ எனக்கு எடுத்துக்கினு இருக்கிற. இன்னா விஷயம் சொல்லு."

சொன்னேன். சிரிப்பார், இல்லை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார். "கெளம்பு. ரெண்டு பேரும் குத்திக்கலாம். எதுவா இருந்தாலும் சேர்ந்து மாத்திரை வாங்கியாரலாம்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய காதல் வசனம் அது ஒன்றுதான். அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை இங்கே எழுதினால் அவர் வெட்கப்படுவார்.

பிரான்சிஸ் குத்தினார். பத்து நிமிஷத்தில் அந்தச் சின்னப் பட்டையில் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு கோடு மட்டும் விழுந்தது. "ஒரு கோடுதான் மேடம். ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. போயி டீ குடிங்க."

மூன்று பேரும் எதிர்க் கடையில் டீயும் வடையும் சாப்பிட்டோம். நான் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தேன். பிரான்சிஸ் பாதி வடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்போ அந்த எட்டு யாரு மேடம்?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

ரத்தம் கொடுத்தவர் கையில் இப்போது ஏதோ ஒரு நல்ல நம்பர் இருக்கிறது. இரண்டு நாளில் அந்தச் சீட்டோடு வருவார். நான் கதவைச் சாத்திவிட்டு, சிரித்த முகத்தோடு, "உங்களுக்கு ஒண்ணுமில்ல, சந்தோஷமா போங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அவரும் சந்தோஷமாகப் போய், மாத்திரை எதுவும் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருப்பார். என் பெருமைக்காக ஒரு உயிர். வடையை அப்படியே வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

எட்டு இல்லாத கட்டு

"நீங்க கவுன்சிலரா, இல்ல கோயில்ல ஸ்பெஷல் தரிசன டோக்கன் குடுக்கறவங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோருக்கும் மறுபடி எடுக்க வேண்டும் என்று முடிவானது.

எப்படிக் கூப்பிடுவது? பெயர் இல்லை, விலாசம் இல்லை, போன் நம்பர் இல்லை. யாருக்கோ வந்திருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னாலும் போச்சு. அன்று மண்டபத்துக்கு வந்த நாற்பது பேரையும் ஊர் ஆயுசுக்கும் சந்தேகமாகப் பார்க்கும்.

நேராகச் சின்ன காஞ்சிபுரத்து டீக்கடைக்காரரிடம் போனேன். அவரிடம் ஒரு சேதியைச் சொன்னால் வாட்ஸ்அப்பை விட வேகமாகப் போகும். "அண்ணே, முகாம்ல சீட்டு மாறிப்போச்சு. எல்லாருக்கும் மறுபடி எடுக்கணும். போன தடவ எட்டாம் நம்பர் வச்சது எங்க தப்பு. இந்த தடவ எட்டே கிடையாது. கூட்டினா எட்டு வர்ற நம்பரும் கிடையாது."

"இத மொதல்லயே பண்ணியிருக்கக் கூடாதாமா?" என்றார்.

பிரான்சிஸ் சீட்டுக் கட்டிலிருந்து எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து, நாற்பத்து நாலு எல்லாவற்றையும் உருவிக் கிழித்துப் போட்டார். "இத ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?" என்று டாக்டரம்மா தலையில் கை வைத்தார்.

மண்டபத்தைத் திறக்கும் முன்பே வாசலில் கூட்டம். சீட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கு அடுத்தவர் வியாதி வந்து சேர்ந்துவிடும் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது சுத்த மடத்தனம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கினேன். உள்ளுக்குள், கிளப்பிவிட்ட அந்தப் புண்ணியவானுக்கு நன்றி சொன்னேன். பெரிய மீசைக்காரர் இந்த முறை முன்ஜாக்கிரதையாக வந்ததும் மேஜையில் படுத்துவிட்டார். படுத்தபடியே மயங்கினார். ஊசி குத்தியவுடன், இந்த முறை யாரும் சீட்டு மாற்றாமல் இருக்க, நானே ஒவ்வொருவரையும் வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

முப்பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். பச்சைப் புடவை அம்மா மட்டும் வரவில்லை. பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா என்று அடையாளம் சொல்லிக்கொண்டு காஞ்சிபுரத்தில் யாரைப் போய்த் தேடுவது? பிரான்சிஸ் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார். இன்னும் அரைமணி நேரம் என்றேன். அப்புறம் இன்னொரு அரைமணி நேரம் என்றேன்.

சாயங்காலம் மண்டபத்துக்காரர் சாவியோடு வந்தபோது, அவர் பின்னாலேயே அந்த அம்மா ஓடி வந்தார். விரல் நுனியெல்லாம் இழை முறுக்கத் தொட்ட சாம்பல். "புதுப் பாவு பிணைச்சிக்கினு இருந்தன்மா. ஆயிரக்கணக்குல இழை, ஒண்ணொண்ணா பழைய நூலோட சேக்கணும். பாதில எழுந்துக்க முடியாது. சீட்டு இருக்குதா, தீந்துபோச்சா?"

இருந்தது. நாற்பத்தைந்து. அவர் மனசுக்குள் கூட்டினார். முகம் மலர்ந்தது. "ஒம்போது! நல்ல நம்பரு."

நான்கு நாள் கழித்து லேபிலிருந்து வந்த நம்பர் நாற்பத்தைந்து.

நெய்யலாமா?

அவரை மரகதம் என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் வேறு அடையாளங்களையும் மாற்றிவிட்டேன். ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் துப்பறியக் கிளம்ப வேண்டாம். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். படித்துக் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: அது பச்சை இல்லையாம், மயில் கழுத்துக் கலராம். நெய்கிறவரிடம் நிறத்தைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது.

அவருக்கு எப்படி வந்தது என்று இப்போது சிலருக்கு நாக்கு துறுதுறுக்கும். அதற்கு இந்தத் தொடரில் பதில் கிடையாது. டைபாய்டு வந்தவரை அப்படிக் கேட்கிறோமா?

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். மரகதம் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்கவில்லை.

"அன்னிக்கிப் பிணைச்சனே, அந்தப் பாவுல மூணு பொடவ இருக்குதுமா. மூணும் முகூர்த்தப் பொடவ. ஏதோ புதுப் பொண்ணுங்க கட்டப்போவுது. நான் நெய்யலாமா?"

"தாராளமா நெய்யலாம். உங்க கை பட்டதால எதுவும் வராது" என்று சொல்ல ஆரம்பித்தவள், முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். ஆலோசகர் அழக் கூடாது, எங்கள் பயிற்சியில் முதல் பாடமே அதுதான். மரகதம்தான் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். "நீ ஏம்மா அழற? அதான் நெய்யலாம்னு சொல்ட்டியே."

மூக்கைச் சிந்திவிட்டு மற்றதைச் சொன்னேன். தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை. விடாமல் போட்டால் கிருமி அடங்கி இருக்கும், வேலை செய்யலாம், வயசாகி நரைக்கலாம். "ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுக்குங்களேன்" என்றேன்.

மரகதம் என்னைப் பார்த்த பார்வையில் உடனே திருத்திக்கொண்டேன். "சரி, ஒம்போது."

மறுவாரம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு நானே கூடப் போனேன். ஜன்னலுக்குள் இருந்த பெண் ஒரு சின்னப் புத்தகத்தில் பதிவு எண்ணை எழுதி நீட்டினார். மரகதம் விரல்விட்டுக் கூட்டினார். நானும் கூட்டினேன். எட்டு.

பெரிய டாக்டர் வரைக்கும் போய்ச் சண்டை போட்டாவது மாற்றிவிடுவது என்று கிளம்பினேன். "இருங்க, வேற நம்பர் குடுக்கச் சொல்றேன்."

மரகதம் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினார். புத்தகத்தை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"வேணாம்மா. நான் மாத்தினா இது வேற யாருக்காவது போயிடும். இது எங்கிட்டயே இருக்கட்டும்."